ஷிஃப்ட் பார்த்த மீன்

எங்கள் அப்பா எதை வாங்கினாலும் பத்துப் பேர் கண்ணில் படும்படி வைப்பார். அப்போதுதான் வாங்கிய பொருளுக்கு மரியாதை என்பது அவர் எண்ணம். புது ஃபிரிட்ஜ் வந்தபோது அது மூன்று மாதம் சமையலறைப் பக்கமே போகாமல் கூடத்தில் நின்றது. அதனால் அவர் மீன் தொட்டி வாங்கி வந்தபோது அதை எங்கே வைப்பார் என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் சந்தேகமே இருக்கவில்லை. மண்ணூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை உண்டு. கம்பெனி பஸ்கள் அதற்குள் வந்து திரும்பி, எங்கள் ஜன்னலுக்கு நேராக ஐந்து பத்து நிமிஷம் நின்று ஆளை ஏற்றி இறக்கிக்கொண்டு போகும். தொட்டியை ஜன்னலை ஒட்டிப் போட்டார். வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முழுப் பரீட்சை முடிந்து விடுமுறை. தொட்டி வந்து பத்து நாள் வரைக்கும் அதில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. தண்ணீர் முதலில் பழக வேண்டும், பிறகுதான் மீன் விட வேண்டும் என்று அப்பா எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்திருந்தார். தண்ணிதான் பாக்கணும்னா ஏரிக்கே போயிருக்கலாமே என்று அம்மா தினமும் ஒரு தடவை சொல்வாள்.

இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் மீன் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் வீட்டில் பெருகிப்போன மீன்களை இன்னொருவர் எடுத்துக்கொள்ள, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஏலம் நடக்கும். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, குன்றத்தூரில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடிப்பார்கள். அப்பா என்னையும் வண்டியில் உட்கார வைத்து அழைத்துப் போனார். பந்தி போடும் நீள மேசைகளில், சாம்பார் வாசனை இன்னும் போகாத மேசைகளில், வரிசையாகத் தண்ணீர்ப் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பரும் உள்ளே ஒரு மீனும் இருந்தன. ஏலம் விடுகிறவர் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய ஆள். ஒவ்வொரு பையையும் தலைக்கு மேலே தூக்கி, டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, மூன்று முறை விலை கேட்பார். நாலு பக்கமும் கை எழும்.

அப்பாவுக்கு அதுதான் முதல் ஏலம். அவர் கை தூக்குவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் மீன் யாருக்கோ போய்விடும். இப்படியே மேசைகள் காலியாகிக்கொண்டு வந்தன. அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார்கள். தலையணை அளவுப் பை. செய்தித்தாள் சுற்றியிருந்தது. ஏலம் விடுகிறவர் அதைத் தலைக்கு மேலே தூக்கவில்லை. மேசைமேல் வைத்து, அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஃபிளவர்ஹார்ன், நல்ல மீன் என்று மட்டும் சொன்னார். அதுவரை சந்தைக்கடையாக இருந்த கூடம் அடங்கிப்போனது. சிலர் போனைப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்திலிருந்தவர், ஏற்கெனவே முடிச்சுப் போட்டிருந்த தன் பையை அவிழ்த்து மறுபடி முடிச்சுப் போட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. அப்பா தூக்கினார்.

ஏலம் விடுகிறவர் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அண்ணே, தெரிஞ்சிதான் கேக்குறீங்களா?”

“தெரியாமயா இவ்ளோ தூரம் வந்துகீறோம்?” என்றார் அப்பா.

அவர் மூன்று முறை கேட்கவில்லை. ஒரு முறை தலையாட்டிவிட்டுப் பையை எங்கள் பக்கம் நகர்த்தினார். எங்களை வழியனுப்ப யாரும் எழுந்து வரவில்லை. தன் தோரணையைப் பார்த்துத்தான் எல்லோரும் பின்வாங்கிவிட்டார்கள் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பை என் மடியில் இருந்தது. குண்டும் குழியுமான சாலையில் தண்ணீர் அப்படித் தளும்பியும் அந்த மீன் மட்டும் ஓர் இடத்திலேயே நின்றது. காகிதம் கிழிந்த இடத்தில் அதன் ஒரு கண் தெரிந்தது. வீடு வந்து சேரும்வரை அது என்னைப் பார்க்கவே இல்லை.

ஒன்றரைச் சாண் நீளம். சிவப்பு உடம்பில் ஏதோ எழுதி அழித்தது போலக் கறுப்புக் கோடுகள். நெற்றியில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு புடைப்பு. அது வாஸ்து மீன் என்று தெரிந்ததும் அம்மா குளிர்ந்துபோனாள். வீட்டுக்கு வர இருக்கிற கெட்டதை வாஸ்து மீன் தன் மேல் வாங்கிக்கொண்டு செத்துப்போகும் என்பார்கள். செத்தால்கூட லாபம் என்கிற ஒரே செல்லப் பிராணி அதுதான். தினமும் இரண்டு வேளை அதற்குத் தீனி போடுவது என் பொறுப்பு. மிளகு அளவில் சிவப்புச் சிவப்பாக உருண்டைகள்.

மீன் நாளெல்லாம் ஒரு மூலையில் சும்மா நின்றது. தீனியைத் தின்னும், மறுபடி நிற்கும். ஏலத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை மத்தியானம், நானும் அம்மாவும் படுத்திருந்தபோது தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால் மீன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கத்துக் கண்ணாடியில் முட்டி முட்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. வாலைச் சுழற்றிய வேகத்தில் மேல்மூடி அதிர்ந்தது. வெளியே கம்பெனி பஸ் நின்றிருந்தது. வழக்கம்போலச் சாம்பல் நிறச் சட்டையும் தோளில் ஆரஞ்சுப் பட்டையுமாக ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மணி மூன்று அடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. பஸ் போனதும் மீன் மூலைக்குப் போய் நின்றுகொண்டது.

மறுநாளும் அதே நேரத்துக்கு ஆடியது. அதற்கு மறுநாளும் ஆடியது. எத்தனையோ கம்பெனி பஸ்கள் அங்கே நின்று போயின. மற்ற எதற்கும் அது அசையவில்லை. அப்பாவுக்கு ஜெனரல் ஷிஃப்ட். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். அவர் வரும்போது அந்த மீன் ஒரு துடுப்பைக்கூட ஆட்டியதில்லை. அடுத்த திங்கட்கிழமை மூன்று மணிக்கு நான் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அன்றைக்கு அது ஒன்றேகாலுக்கே ஆடிவிட்டது. அந்த வாரம் முழுக்க ஒன்றேகால். அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள்.

“யாருக்கோ ஷிஃப்ட் பாக்குதுடி இது” என்றாள். சொல்லிவிட்டு அவளே தன் சொல்லுக்குப் பயந்துபோய், உள்ளே போய் விளக்கேற்றினாள்.

அந்த வாரம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் வேலை. அந்த மீன் சங்கத்திலும் அவருக்குப் பழக்கம் உண்டு. தொட்டியைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த காபியை அப்படியே கீழே வைத்தார். சமையலறையில் அக்காவும் தம்பியும் பேசியதைக் கதவோரம் நின்று கேட்டேன். அந்தச் சங்கத்தில் யாராவது இறந்துபோனால் அவர் வளர்த்த மீனைக் கடைசியில்தான் எடுப்பார்களாம். தலைக்கு மேலே தூக்காமல் மேசைமேல் வைத்தால் அதுதான் அடையாளம். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் விட்டால் சங்கத்துத் தலைவர் தன் வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோய், அது இருக்கும்வரை வைத்துக்கொள்வார். ஒழுங்காக நடக்க வேண்டிய ஒரு காரியத்தில் எங்கள் அப்பா கை தூக்கிவிட்டார். அந்த மீனை வளர்த்தவர் ஒரகடம் சாலையில் மழையில் வண்டி சறுக்கி லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தவர்.

“வரவேண்டியத வாங்கிக்கினு அது போயிருக்கணும்க்கா. அது இங்க கீது. அவரு போய்ட்டாரு.”

சாயங்காலம் அம்மா இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். செத்தவன் உட்காந்த சீட்டுல நாம பஸ்ல போவலையா என்று கேட்டார். அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ ஆகியிருந்தது என்பது இப்போது புரிகிறது. ஆனால் ஏலத்தில் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தோரணை என்னாவது? மீன் இங்கேதான் இருக்கும் என்றார். மறுநாளிலிருந்து அப்பாவின் வண்டி வரக் கொஞ்சம் தாமதமானாலும் அம்மா கேட்டருகே போய் நிற்க ஆரம்பித்தாள். அப்பா தினமும் போய்வருவது அதே ஒரகடம் சாலைதான்.

நான் ஒன்பது வயதுக்கு உரிய கணக்கைப் போட்டேன். இந்த மீன் ஒரு தடவை சாக வேண்டிய நேரத்தில் சாகவில்லை. அதனால் ஒருவர் செத்தார். இப்போது அது எங்கள் வீட்டில் இருக்கிறது. அது செத்தால் அப்பா பிழைப்பார். பெரியவர்கள் யாரும் இதைச் செய்யப் போவதில்லை. தீனி டப்பா என் கையில்தான் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை டப்பாவைத் திறந்து, எண்ணி எடுத்து, ஜன்னல் கம்பி வழியாக வெளியே போட்டேன். அம்மா பார்த்தால் தீனி போடுகிற மாதிரியே இருக்கும். கொலை செய்கிறோம் என்கிற எண்ணமே எனக்கு வரவில்லை. அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற பெருமைதான் இருந்தது. பெருமையோடு பயமும் இருந்தது. நான் டப்பாவை எடுத்ததும் மீன் மேலே வரும். வாயைத் திறந்து திறந்து மூடும். மூன்று நாளுக்குப் பிறகு மேலே வருவதை நிறுத்திவிட்டது. மூலையிலிருந்தே என் கையைப் பார்க்கும், கை ஜன்னலுக்குப் போவதைப் பார்க்கும். நான் செய்வது அதற்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. ஒரு வாரத்தில் சிவப்பு வெளுத்தது. நெற்றிப் புடைப்பு சூம்பியது. ஆனால் அந்த நேரம் வந்தால் மட்டும், எங்கிருந்து தெம்பு வருமோ, ஜன்னல் கண்ணாடியில் போய் முட்டி ஆடியது.

எட்டாம் நாள் அம்மா மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். மறுபடி மூன்று மணி வாரம். பஸ் வந்து திரும்பி நின்றது. மீன் ஆடத் தொடங்கியது. ஆட்கள் இறங்கினார்கள், பீடி பற்றவைத்தார்கள், கலைந்து போனார்கள். பஸ்ஸும் கிளம்பிப் போய்விட்டது. மீன் நிறுத்தவில்லை. பஸ் போனபிறகும் அது ஆடியது அன்றைக்குத்தான். நான் ஸ்டூலில் ஏறி, தொட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில், சாம்பல் நிறச் சட்டை ஒன்று நின்றது. தோளில் ஆரஞ்சுப் பட்டை. தலையில் கம்பெனித் தொப்பி. மூக்குக்கு மேலே வரை கர்ச்சீப் கட்டியிருந்தது. கண்கள் மட்டும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் ஒரே மாதிரிச் சட்டையில் இருபது பேர் அங்கே நின்றதால் ஒருவரும் எங்கள் கண்ணில் படவில்லை. மீனுக்கு மட்டும் அந்த ஒரு ஆள் தெரிந்திருக்கிறது. மீனை வளர்த்தவர்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்திருக்கிறார். எனக்கு ஓடத் தோன்றவில்லை.

“எங்கப்பாவ ஒண்ணும் பண்ணிடாதீங்க” என்றேன்.

அந்தக் கண்கள் என் பக்கம் திரும்பின. ஒரு கை மேலே வந்து கர்ச்சீப்பை இறக்கியது. உள்ளே ஒரு பெண்ணின் முகம் இருந்தது. இருபது இருபத்திரண்டு இருக்கும், எங்கள் பெரியம்மா மகள் வயதுதான். சட்டை அவளுக்கு மிகவும் பெரிது. கையை நாலு மடிப்பு மடித்து விட்டிருந்தாள். மீனை வளர்த்தவரின் மனைவி. அவர் போனபிறகு அவருடைய கம்பெனியிலேயே அந்த அக்காவுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். அவர் போன பஸ்ஸிலேயே, அவர் போட்ட சட்டையையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் பஸ் எங்கள் வீட்டெதிரே நின்றபோது ஜன்னலில் மீன் தெரிந்திருக்கிறது. அதன் பிறகு தினமும் இறங்கி வந்து, பஸ் கிளம்பும்வரை நின்று பார்த்துவிட்டு மறுபடி ஏறிப் போயிருக்கிறாள். இதெல்லாம் அன்று அவள் சொன்ன கொஞ்சத்திலிருந்தும் பின்னால் மாமா சொன்னதிலிருந்தும் சேர்த்துத் தெரிந்துகொண்டது.

அன்று அவள் முதலில் பேசியது தீனியைப் பற்றி. ஜன்னலுக்கு வெளியே சுவரோரம் கையைக் காட்டினாள். சிவப்பு உருண்டைகளை எறும்புகள் இழுத்துக்கொண்டு போயின.

“மீன் எளைச்சிகினே வருது, இன்னாடான்னு பாத்தேன். சோறெல்லாம் வெளியில கெடக்குது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். மீன் செத்தால்தான் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அது தன்னை வளர்த்தவருக்காகச் சாகாமல் ஏமாற்றிவிட்டது என்றும் சொன்னேன். செத்தவரின் வீட்டுக்காரியிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? நான் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மீனையே பார்த்தாள்.

“நானும் பதினோரு நாளு போடல பாப்பா” என்றாள். “சாவல. இந்தச் சட்டையோட உள்ள வந்தா அவருன்னு ஓடியாருது. அதான் சங்கத்துல கொண்டுபோயி குடுக்க சொல்லிட்டேன்.”

பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். மூடியை நகர்த்தச் சொன்னாள். கம்பிக்குள் கையை விட்டு, உள்ளங்கையில் தீனியை வைத்துத் தண்ணீரில் இறக்கினாள். மீன் அவள் விரலைக் கடிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்தது. சட்டைக் கை நனைந்து சொட்டியது. அவள் அதை மடித்துக்கொள்ளவில்லை.

“உங்கப்பா நல்லாருப்பாரு. நீ போடு” என்று சொல்லிவிட்டு, கர்ச்சீப்பை ஏற்றிக் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்து போனாள்.

அன்றிலிருந்து தீனி போட்டேன். யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அப்பா ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தார், மீன் மறுபடி சிவந்தது. அக்கா அதற்குப் பிறகு பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை. பள்ளி திறந்தபின் சனிக்கிழமைகளில் நான் கேட்டருகே போய் நிற்பேன். அவள் சீட்டிலிருந்தே தலையை நீட்டி, நல்லாக்கீதா என்பாள். நல்லாக்கீது என்பேன். சாப்ட்டுச்சா என்பாள். சாப்ட்டுச்சு என்பேன். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அது பிடித்திருந்தது. பெரிய மனுஷி ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் காலை மீன் மிதந்தது. அதற்கு முந்தின சாயங்காலம்தான் அப்பா வண்டியிலிருந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்திருந்தார். அம்மா இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கற்பூரம் ஏற்றினாள். பெரிசா வரவேண்டியது, அது வாங்கிக்கினு போச்சு என்று தெருவெல்லாம் சொன்னாள். அப்பா முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். அவர் அதற்குப் பிறகு எந்த ஏலத்துக்கும் போகவில்லை. சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருந்த தொட்டியில் அம்மா வெங்காயம் கொட்டி வைத்தாள். ஜன்னல் காற்றில் அழுகாமல் இருந்தது.

சனிக்கிழமை பஸ் வந்தது. நல்லாக்கீதா என்று அக்கா கேட்டாள். நான் நல்லாக்கீது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை. சாப்ட்டுச்சா என்றாள். சாப்ட்டுச்சு என்றேன். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் சத்தம் கேட்டதும் ஓடிப்போய், தொட்டி தெரியாதபடி ஜன்னலை மறைத்துக்கொண்டு வெளியே நின்றேன். குதிகாலை உயர்த்திக்கூட நின்றேன். எட்டு ஒன்பது மாதம் இப்படியே போனது. அந்தச் சட்டை அவளுக்குப் பொருந்தாமலே இருந்தது. ஒரு சனிக்கிழமை அந்த சீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள் என்று மாமா சொன்னார். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்துவிட்டேன் என்று நான் மூச்சு விட்டேன்.

போன ஆண்டு டிப்ளமோ முடித்துவிட்டு வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாள் எங்கள் வீட்டெதிரேதான் பஸ் ஏறினேன். ஏறி ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, அம்மாவுக்குக் கை காட்டலாம் என்று திரும்பினேன். அந்த சீட் எவ்வளவு உயரம் என்று எனக்கு அதுவரை தெரியாது. கேட்டருகே பக்கத்து வீட்டுப் பிள்ளை நின்றிருந்தான், என் அந்த வயது உயரம்தான் இருப்பான். அவன் தலைக்கு மேலே எங்கள் கூடம் முழுக்கத் தெரிந்தது. தொட்டி தெரிந்தது. மத்தியானச் சமையலுக்கு அம்மா எந்த வெங்காயத்தைப் பொறுக்குகிறாள் என்பதுகூடத் தெரிந்தது.

அத்தனை சனிக்கிழமையும் அந்த அக்கா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டேதான் சாப்ட்டுச்சா என்று கேட்டிருக்கிறாள்.